ஆட்டுக்கு எந்தக் குழை பிடிக்கும்? தீர்ப்புச் சொல்லும்போது விடும் பிழைகள்

பின்வளவில் ஆட்டுக்குக் குழை கட்டும்போது அம்மம்மா சொல்லுவா: "பலாக் குழையை அதுக்குக் காட்டாதை. கண்டுதெண்டால் பூவரசைத் திரும்பியும் பாராது." முதல்நாள் வரைக்கும் பூவரசங் குழையைக் காம்பு மட்டும் மிஞ்சத் தின்ற ஆடு அது. பலா இலையைக் கண்ட பிறகு அதே பூவரசை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

விலங்குகளின் தெரிவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானோர் விடும் முதல் பிழை, மதிப்பு சாப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பது. மதிப்பைப் போடுவது மூளை. என்ன கிடைக்கும் என்று காத்திருந்தோம், பக்கத்தில் வேறென்ன இருக்கிறது, வயிறு எந்த நிலையில் இருக்கிறது, எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். 1928இல் டிங்கிள்பா என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தின் கீழ் வாழைப்பழத்தை வைத்தார். பிறகு அதற்குத் தெரியாமல் பழத்தை எடுத்துவிட்டு லெட்டூஸ் இலையை வைத்தார். கிண்ணத்தைத் தூக்கிய குரங்கு அங்குமிங்கும் தேடியது, இலையைத் தொடாமலே போனது. முதலிலேயே இலையைத்தான் ஒளித்து வைத்திருந்தால் அதை எடுத்துத் தின்றிருக்கும். அம்மம்மாவுக்கு டிங்கிள்பாவைத் தெரியாது, ஆனால் முடிவு ஒன்றுதான்.

அப்படியானால் வாழைப்பழத்தையும் இலையையும் எந்தத் தராசில் நிறுப்பது? 2006இல் பதோவா-ஸ்கியோப்பா, அசாத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குரங்குகளுக்கு இரண்டு வகைப் பானங்களை வெவ்வேறு அளவில் காட்டி, எது வேண்டுமென்று தெரிவுசெய்ய விட்டார்கள். நல்லதில் ஒரு துளிக்கு மற்றதில் எத்தனை துளி கொடுத்தால் சரிசமம் என்பது அந்தத் தெரிவுகளிலிருந்தே பிடிபட்டது. கண்குழிக்கு மேலே இருக்கும் மூளைப்பகுதியில் சில நரம்புக்கலங்களின் துடிப்பு, பானம் எது, அளவு எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்காமல் அந்தச் சமன்செய்த மதிப்போடு ஏறி இறங்கியது. சந்தையில் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் ரூபாயில் ஒப்பிடுகிற மாதிரித்தான். இதைப் படித்துவிட்டு "முடிவெடுக்கும் மையம் கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். மூளையின் வேறு பல பகுதிகளும் இதில் பங்கெடுக்கின்றன.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் பிழை, மூளையின் நரம்புக்கலங்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற இரசாயனத்தைப் பற்றியது. "சந்தோஷ இரசாயனம்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்கு விளக்கொளியைக் காட்டிச் சாறு கொடுத்து, டோபமினை வெளிவிடும் நரம்புக்கலங்களின் துடிப்பை அளந்து பார்த்தார். அதை நம் வீட்டுப் பூனையை வைத்து விளக்கலாம். காலை பத்து மணிக்குக் கிணற்றடியில் மீன் வெட்டுவோம். பூனைக்கு முதல் தடவை தலை கிடைத்தது எதிர்பாராதது. அப்படிப்பட்ட நேரத்தில் குரங்கின் கலங்கள் படபடவென்று துடித்தன. பழகிய பிறகு, சாறு நாக்கில் படும்போது ஒன்றுமில்லை. அதற்கு முன் வரும் விளக்கொளிக்குத்தான் துடிப்பு. பூனைக்கு அது கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம். நல்லூர்த் திருவிழா தொடங்கினால் எங்கள் வீட்டில் இருபத்தைந்து நாளும் மச்சம் இல்லை. கத்தி கீரை வெட்டத்தான் வெளியே வரும், சத்தம் கேட்கும், தலை வராது. ஒளி வந்தும் சாறு வராதபோது, வரவேண்டிய அதே கணத்தில் குரங்கின் கலங்களில் வழக்கமான துடிப்பும் குறைந்துபோனது. பூனையின் தலைக்குள் நான் கம்பி விட்டுப் பார்க்கவில்லைதான். ஆனால் அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆக அந்தத் துடிப்பு சொல்வது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. ருசி வேறு விஷயம். கென்ட் பெரிஜ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் டோபமின் அநேகமாக இல்லாமல் போன எலிகளைப் பார்த்தார்கள். அவை சாப்பாட்டைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் நாக்கில் சீனித்தண்ணியை விட்டால் வழக்கம்போல நக்கிச் சுவைத்தன.

ஒரேயொரு தடவை பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதுவதும் பிழை. ஆடு இடப்பக்கக் குழையைத் தின்றதென்றால், அது எப்போதும் இடப்பக்கம் போகிற ஆடாகவும் இருக்கலாம். இடத்தை மாற்றிக் கட்டுங்கள், நாலைந்து நாள் பாருங்கள், காலையிலும் மேய்ந்துவிட்டு வந்த பிறகும் பாருங்கள். ஏனென்றால் பசி இதில் நிறைய விளையாடும். நம் மைனாவின் உறவுக்காரப் பறவையான ஸ்டார்லிங்கில் ஒக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வு 2004இல் வந்தது. இரண்டு அடையாளங்களில் எதை நாடினாலும் ஒரே அளவு தீனிதான். ஒன்றைப் பசியில் அறிமுகப்படுத்தினார்கள், மற்றதை வயிறு நிறைந்திருந்தபோது. பிறகு தெரிவுசெய்ய விட்டபோது பறவைகள் பசியில் கண்டதையே நாடின, அப்போது வயிறு நிறைந்திருந்தாலும்கூட.

"சூதாடுகிற பறவை முட்டாள்" என்பதும் அவசரத் தீர்ப்பு. தோமஸ் கராகோவும் கூட்டாளிகளும் 1980இல் ஜங்கோ என்ற சிறு பறவைகளை வைத்துப் பார்த்தார்கள். அன்றைய தேவைக்குத் தீனி போதும் என்றால், நிச்சயமாகக் கிடைக்கும் பக்கம் போயின. போதாத நிலையில், சில வேளை நிறைய, சில வேளை ஒன்றுமில்லை என்ற பக்கம் போயின. நிச்சயமானதை எடுத்தால் எப்படியும் போதாது என்றால், லொத்தர் எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறதுதானே.

கடைசியாக, பழக்கத்தை ஆசை என்று எடுப்பது. ஓர் ஆய்வில், நெம்புகோலை அழுத்தி இனிப்புருண்டை வாங்கப் பழகிய எலிகளுக்கு, பிறகு அதே உருண்டையைத் தின்றால் வயிற்றைப் பிரட்டும்படி செய்தார்கள். கொஞ்சமாகப் பழகியவை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. மிக அதிகமாகப் பழகியவை அழுத்திக்கொண்டே இருந்தன, உருண்டை வேண்டாமென்றபோதும்.

எங்கள் பூனையோ திருவிழாவின் ஐந்தாம் நாளே கிணற்றடிக்கு வருவதை விட்டது. இப்போது பத்து மணிக்கு மதில் ஏறி, மச்சம் விடாத பக்கத்து வீட்டுக்குப் போகிறது.