“பார்க்கலாம்” என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை

ராமேசுவரம் அருகே மண்டபம் என்னும் ஊரில் காய்ந்த கடற்பாசியை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். ஐப்பசி மழையில் பாசி காயாமல் கிடந்த ஒரு நாள், சரக்கை மாத இறுதிக்குள் அனுப்ப முடியுமா என்று ஜெர்மனி வாடிக்கையாளர் காணொளி அழைப்பில் கேட்டபோது, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசி, “பார்க்கலாம்” என்பதை ஆங்கிலத்தில் சொல்லித் தலையையும் ஆட்டிவைத்தேன். அவர் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு கப்பலில் இடம் பிடித்துவிட்டார்.

அதன் பிறகே, பிற பண்பாட்டினரோடு பேசிப் பழகுவது பற்றிய இணையவழிப் பாடமொன்றில் சேர்ந்தேன். சில பண்பாடுகளில் பொருள் சூழலிலும் குறிப்பிலும் தங்கியிருக்கும், சிலவற்றில் சொன்ன சொல்லிலேயே முழுதும் இருக்கும் என்று அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் விளக்கியது அங்கேதான் அறிமுகமானது. (கல்யாண அழைப்புக்குப் “பார்க்கிறேன்” என்றால் வரமாட்டார் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.) பாடத்தைவிட, உரையாடலைப் பதிவுசெய்து திரும்பப் பார்த்த பயிற்சியே எனக்கு அதிகம் உதவியது, என் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்பது எனக்கே விளங்கவில்லை.

இப்போது “முடியாது” என்பதை முதல் வரியிலும், காரணத்தையும் அனுப்ப முடிகிற தேதியையும் அடுத்த வரியிலும் எழுதுகிறேன். சென்ற கார்த்திகையில் அப்படி எழுதியதற்கு அந்த ஜெர்மனி வாடிக்கையாளரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: “நன்றி, காத்திருக்கிறேன்.”