நீர்க்கட்டி என்று வருகிறவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் என்னோடு புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர் எழுதிய சீட்டு ஒன்று போன வாரம் என் கைக்கு வந்தது. "21 நாள் மாத்திரை. எடையைக் குறைத்துவிட்டு வரவும்." கையெழுத்துதான் வேறு. சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) என்று வரும் எத்தனையோ பேருக்கு, மாதவிலக்கை வரவைக்கும் அந்த ஹார்மோன் மாத்திரையை எழுதி, இதே சீட்டை நானும் கொடுத்திருக்கிறேன். கர்ப்பமா என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பது, தைராய்டு பார்க்காமல் விடுவது எல்லாம் மருத்துவர்களான உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிறுத்திக்கொள்வது

இந்த ஒன்றுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால், மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண் வந்தார். வயது 28, எடை 84 கிலோ. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு. தாடையில் முடி. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டிருந்தார். விலக்கிப் பார்த்தால் பின்கழுத்து வெல்வெட் துணி மாதிரி கறுத்துத் தடித்திருந்தது. "தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சும் போகல டாக்டரம்மா" என்றார். அது அழுக்கு இல்லை, உடம்பில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 92 என்று பார்த்ததும் "சுகர் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கர்ப்பமாகி வந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 8.4 சதவீதம், சர்க்கரை நோயேதான். பத்தாவது வாரத்தில் கரு கலைந்தது. சர்க்கரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தச் சர்க்கரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தேடிப் பார்த்திருக்க வேண்டியவள் நான்தான்.

வெறும் வயிற்றில் ஏன் அகப்படுவதில்லை? இவர்களுக்குத் தசை இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. இரவெல்லாம் சாப்பிடாமல் இருக்கும்போது அந்தக் கூடுதல் இன்சுலின் சமாளித்துவிடும், காலையில் 92 காட்டும். ஒரு தட்டு சோறு உள்ளே போனால்தான் சாயம் வெளுக்கும்.

தசை கேட்காத இன்சுலினைச் சினைப்பை நன்றாகவே கேட்கிறது. மூளையடியில் பிட்யூட்டரி சுரக்கும் எல்ஹெச் ஹார்மோனோடு சேர்ந்து அது சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. கல்லீரலில் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் உற்பத்தியாவதையும் குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது அந்தப் புரதம்தான். அது குறைந்தால் கட்டில்லாத டெஸ்டோஸ்டிரோன் கூடும், முகத்தில் முடி வரும், முட்டை வளர்ந்து வெடிக்காது. வயிற்றுக் கொழுப்பு இன்சுலினை இன்னும் ஏற்றிவிடும். ஆக மாதவிலக்குத் தள்ளிப்போவதும் சர்க்கரையும் இரண்டு தனி வியாதி இல்லை. மாத்திரையால் மாதாமாதம் ரத்தப்போக்கு வந்துவிட்டால் வியாதி போய்விட்டதாக அந்தப் பெண் நினைப்பார், நாமும் நினைப்போம்.

75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, 200-ஐத் தொட்டால் வந்துவிட்டது. எடை எவ்வளவாக இருந்தாலும், பிசிஓஎஸ் என்று கண்டுபிடிக்கும்போதே சர்க்கரை நிலையைப் பாருங்கள், பிறகு ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள் என்கிறது 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல். குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பதே மிகத் துல்லியம் என்றும் சொல்கிறது.

"ஜீப் போயிரும் டாக்டரம்மா" என்பார்கள். உண்மைதான். விடியுமுன் ஜீப் ஏறுகிறவர்களை லேபில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் ஒரு நாள் கூலி போகும். அதற்காகச் சுலபமான டெஸ்டோடு விட்டுவிடாதீர்கள். லீவு நாளைக் கேட்டு, தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாளும் சோற்றைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிடச் சொல்லுங்கள். போன வாரச் சீட்டு யாருக்கு எழுதப்பட்டதோ அந்தப் பெண்ணையும் இப்படித்தான் கூப்பிட்டோம். வெறும் வயிற்றில் 94, இரண்டு மணி நேரத்தில் 172.

"நீர்க்கட்டி கரைய மருந்து"

அவை கட்டிகளே இல்லை, பாதி வளர்ந்து நின்றுபோன சினைமுட்டைப் பைகள். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து இந்த நோயைச் சொல்லவே கூடாது. அந்த வயதில் பலருக்குச் சினைப்பை அப்படித்தான் தெரியும்.

21 நாள் மாத்திரை சாப்பிடும்போதே ஹார்மோன் டெஸ்ட்

வேண்டாம். நிறுத்தி மூன்று மாதம் ஆகட்டும்.

"வராட்டி நல்லதுதானே" என்பதற்குத் தலையாட்டுவது

தோட்ட வேலையில் மாதவிலக்கு எவ்வளவு தொல்லை என்று தெரியும், அதனால்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் முட்டை வெளிவராத மாதங்களில், கருப்பையின் உள்சவ்வு தடிப்பதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. கொழுப்புத் திசுவோ ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜனால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். மாதவிலக்கு இல்லாமல் 90 நாளைத் தாண்ட விடாதீர்கள்.

எடையைப் பற்றி ஒரே வரியில் பேசுவது

"நாள் பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கேன், இன்னும் என்ன பண்ண?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சாப்பாட்டைத்தான் முதலில் கேட்கிறேன். அவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி, வீடு திரும்பியதும் பசிக்குப் பெரிய தட்டு சோறு. சீனியை நிறுத்தி, இரவுச் சோற்றில் பாதியைக் குறைத்துப் பயறும் முட்டையும் சேர்க்கச் சொன்னேன். 84 கிலோ இருப்பவர் நாலு கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது. அந்த நாலு கிலோவைச் சொல்லுங்கள். முப்பது கிலோ குறை என்றால் மறுபடி வரமாட்டார்கள்.

மெட்ஃபார்மினை முழு அளவில் தொடங்குவது

இன்சுலினை உடம்பு கேட்க வைக்கும் இந்தச் சர்க்கரை மாத்திரை வயிற்றைக் கலக்கும். கழிப்பறை இல்லாத தோட்டத்தில் அந்தப் பெண் என்ன செய்வார்? மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார். இரவுச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12-ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள்.