1.2 கிலோ பெட்டியும் ஓர் எல்-பிராக்கெட்டும்: அதிர்வெண், ரேண்டம் பகுப்பாய்வு செய்யும் முறை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தயாராகும் ஒரு சோதனை இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 1.2 கிலோ கண்ட்ரோலர் பெட்டி ஒன்று 3 மி.மீ. அலுமினிய எல்-பிராக்கெட்டில் நிற்கிறது. பிராக்கெட்டை ஃபிரேமோடு பிடிப்பவை நான்கு எம்5 போல்ட்டுகள். இது மோட்டார் அதிர்வையும் ஷேக்கர் (அதிர்வு மேசை) சோதனையையும் தாங்குமா என்று கணினியில் பார்க்க வேண்டும்.

மென்பொருளைத் திறந்ததும் ரேண்டம் (ஒழுங்கற்ற அதிர்வு) பட்டனைத் தேடாதீர்கள். முதலில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) நிலைப் பளு கொடுத்து, பெட்டியின் ஈர்ப்பு மையம் எத்தனை மி.மீ. தொய்கிறது என்று பாருங்கள். 15.76ஐ அந்தத் தொய்வின் வர்க்கமூலத்தால் வகுத்தால் முதல் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழக் கிடைக்கும். தொய்வு 0.0127 மி.மீ. என்றால் 140 ஹெர்ட்ஸ். அடுத்து ஓட்டும் மோடல் பகுப்பாய்வு (இயல்பு அதிர்வெண்களையும் அவற்றின் ஆட்ட வடிவங்களான மோடுகளையும் தருவது) இதற்கு அருகில் வராவிட்டால் பெரும்பாலும் அலகில்தான் கோளாறு. மில்லிமீட்டர், நியூட்டன், விநாடி என்று வேலை செய்தால் நிறையை டன்னில் கொடுக்க வேண்டும்: பெட்டி 0.0012, அலுமினிய அடர்த்தி 2.7 × 10⁻⁹. பழக்கதோஷத்தில் கிலோவிலேயே எல்லாவற்றையும் அடித்துவிட்டால் 140 ஹெர்ட்ஸ் 4.4 ஆகிவிடும்.

மாடலில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பிராக்கெட்டின் முதுகு முழுவதையும் ஃபிக்ஸ் செய்வது சுலபம்; ஆனால் அதிர்வெண் பொய்யாக ஏறும். வாஷர் அழுத்தும் வளையத்தை மட்டும் பிடியுங்கள். பெட்டியை நிறைப் புள்ளியாக வைக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் உண்மையில் எந்த உயரத்தில் உள்ளதோ அங்கேயே வையுங்கள். தொங்கும் கேபிள் கட்டின் எடையையும் சேருங்கள். பலரும் விடுவது அதுதான்.

மோடுகளை எதுவரை எடுப்பது? சோதனை 2000 ஹெர்ட்ஸ் வரை என்றால் 3000 வரை எடுங்கள். ஒவ்வொரு திசையிலும் பயனுறு நிறை (எடுத்த மோடுகளில் பங்கேற்கும் நிறை) மொத்தத்தில் 90 விழுக்காட்டைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் போல்ட் அருகே தகைவை (ஸ்ட்ரெஸ்) குறைத்துக் காட்டும்.

இனி அதிர்வெண் மறுமொழி. அடித்தளத்தில் 1 ஜி சைன் அதிர்வு கொடுத்துப் பெட்டியில் எத்தனை ஜி என்று பார்க்கிறோம். இங்கே விடையைத் தீர்மானிப்பது தணிப்பு (டேம்பிங்), அதாவது அதிர்வை அடக்கும் தன்மை. போல்ட் போட்ட தகட்டுக்கு 2 விழுக்காடு ஒரு நியாயமான தொடக்கம். உச்சத்தில் 25 மடங்கு. 1 விழுக்காடு என்றால் 50 மடங்கு. நாஸ்ட்ரான் மென்பொருளில் ஒரு பொறி உண்டு: தணிப்பு அட்டவணையின் வகையைச் சொல்லாமல் விட்டால் அது கட்டமைப்புத் தணிப்பாக எடுத்துக்கொள்ளும். அந்த எண் தணிப்பு விகிதத்தைப் போல் இரு மடங்கு. நீங்கள் 0.02 என்று அடித்தது 1 விழுக்காடாகி, உச்சம் இரட்டிக்கும்.

அடுத்த பொறி, புள்ளிகளின் இடைவெளி. 140 ஹெர்ட்ஸ், 2 விழுக்காடு தணிப்பு என்றால் உச்சத்தின் அரைத்திறன் அகலம் (உயரம் உச்சத்தின் 0.707 பங்காகும் இரு அதிர்வெண்களின் இடைவெளி) 5.6 ஹெர்ட்ஸ்தான். 10 ஹெர்ட்ஸ் இடைவெளியில் 135, 145 என்று கணக்கு ஓடினால் 25 மடங்கு உச்சம் 12 மடங்காகத் தெரியும். வரைபடம் வழவழப்பாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. ஒவ்வொரு மோடைச் சுற்றியும் அந்த அகலத்துக்குள் குறைந்தது 5 புள்ளிகளாவது விழ வேண்டும்.

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் முனகலில் நம் பிராக்கெட் ஏறத்தாழ 2 மடங்குதான் ஆடும். அதே இயந்திரம் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள தைவானுக்குப் போனால் 120 ஹெர்ட்ஸில் 3.7 மடங்கு. பினாங்கில் அமைதியாக ஓடியது அங்கே போய்க் கிடுகிடுப்பது இப்படித்தான்.

ரேண்டமில் உள்ளீடு பிஎஸ்டி வளைவு: எந்த அதிர்வெண்ணில் அதிர்வு எவ்வளவு என்று காட்டுவது. 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை சமமாக 0.01 ஜி²/ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வளைவின் கீழுள்ள பரப்பின் வர்க்கமூலம் 4.45 ஜி ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரியின் வர்க்கமூலம்). மென்பொருள் இந்த எண்ணைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஜி²ஐ மில்லிமீட்டர் அலகுக்கு மாற்றும்போது 9810 அல்ல, 9810இன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். வளைவில் சாய்வு இருந்தால் இடைக்கணிப்பை லாக்-லாக் என்று வையுங்கள்.

விடையைச் சரிபார்க்க, ஒற்றை மோடின் ஆர்எம்எஸ்ஸைத் தரும் மைல்ஸ் சமன்பாடு போதும்: பையில் (π) பாதி × 140 × 25 × 0.01, அதன் வர்க்கமூலம் 7.4 ஜி ஆர்எம்எஸ். 3 சிக்மாவுக்கு, அதாவது ஆர்எம்எஸ்ஸின் 3 மடங்குக்கு, 22 ஜி, 1.2 கிலோவில் ஏறத்தாழ 260 நியூட்டன். ஒற்றை மோடு ஆளும் பிராக்கெட்டில் மென்பொருளின் விடை இதற்கு வெகு தூரம் போகக் கூடாது. தணிப்பைப் பாதியாக்கினால் இங்கே 1.41 மடங்குதான் கூடும், சைனில் போல இரட்டிக்காது.

ஆர்எம்எஸ் விடைகளுக்குக் குறி கிடையாது. அதனால் நான்கு போல்ட்டின் விசைகளைக் கூட்டிச் சமநிலை பார்க்க முடியாது. வண்ணப் படத்தில் வளைந்து தெரிவதும் உண்மையான வடிவம் அல்ல. பெட்டி மூடியில் இடிக்குமா என்று பார்க்கச் சார்பு இடப்பெயர்ச்சியை எடுங்கள். முழு இடப்பெயர்ச்சியில் மேசையின் ஆட்டமும் சேர்ந்துவிடும். மூன்று திசைகளையும் தனித்தனியே ஓட்டுங்கள்.

வளைத்த 5052-எச்32 அலுமினியத் தகட்டின் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 193 மெகாபாஸ்கல். வளைவின் உள்மூலையில் 3 சிக்மா தகைவு அதற்குக் கீழே இருந்தாலும் களைப்பு (திரும்பத் திரும்ப ஆடி விரிசல் விடுவது) தனிக் கணக்கு. 1 மணி நேரச் சோதனையில் 140 ஹெர்ட்ஸ் 5,04,000 சுற்றுகளாகிறது. அதில் 68.3 விழுக்காட்டை 1 சிக்மாவிலும், 27.1ஐ 2 சிக்மாவிலும், 4.33ஐ 3 சிக்மாவிலும் வைத்து, ஒவ்வொன்றும் தரும் களைப்புச் சேதத்தைக் கணக்கிட்டுக் கூட்டுத்தொகை பாருங்கள்.

தாங்கவில்லை என்றால் தகட்டைத் தடிப்பாக்குவதைவிட இரு ஓரங்களையும் மடித்து விடுவது மேல். 280 ஹெர்ட்ஸுக்கு ஏறினால் பெட்டியின் ஆட்டம் 35 விழுக்காடாகக் குறையும். ஆனால் ஜி 7.4இலிருந்து 10.5 ஆகும். பிராக்கெட் பிழைக்கும், உள்ளே இருக்கும் போர்டு அதைத் தாங்குமா என்று பெட்டி தருபவரிடம் கேட்டுவிட்டு மடியுங்கள்.