பொம்மை ரோபோ தந்த மூன்று நாள் தலைவலி

மகனின் பழைய பொம்மை ரோபோவில் ஆர்டுயினோ ஊனோ என்ற நிரலேற்றும் சிறு மின்பலகையையும், அதன் கட்டளைப்படி மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் எல்298என் மோட்டார் டிரைவரையும் பொருத்தினேன். நேராக நடந்தது, திசை மாற்றியதும் ஆர்டுயினோ முதலிலிருந்து தொடங்கியது. நிரலைத் திருத்தினேன். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வேறு டிரைவர் வாங்கினேன். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டு மைனஸ் முனைகளையும் இணைத்த பிறகும் அவ்வப்போது அதே கோளாறு.

மூன்றாம் நாள் குப்பையில் கண்ணில் பட்டன, பழைய கம்பிகளோடு நான் வெட்டியெறிந்த பொட்டளவு கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்கள்). 104 என்று எழுதியிருந்தது, அதாவது 0.1 மைக்ரோஃபாரட் கொள்ளளவு. மோட்டாரின் சுழலும் பகுதியை உரசி மின்சாரம் தரும் பிரஷ்களில் பொறி பறக்கும்போது எழுந்து, ஆர்டுயினோவைக் குழப்பும் மின் இரைச்சலை விழுங்குவதே அவற்றின் வேலை. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே, கால்களைக் குட்டையாக்கி, மோட்டாரை ஒட்டியே பற்றவைத்தேன். டிரைவர் பக்கம் வைத்தால் பயன் குறைவு. அதன்பின் ஒரு முறைகூட நிற்கவில்லை. அப்பாடா!