காலிப்பர் பின்னுக்குள் பிட் முறிந்து நின்றால்

தூத்துக்குடியில் பிரேக் வேலை செய்கிறவர்களுக்கு உப்புதான் முதல் எதிரி. உப்பளங்களை ஒட்டி ஓடும் கார்களில் மரை இறுகிப்போவது இங்கே அன்றாடச் செய்தி. அதிலும் கைகளைக் கட்டிப்போடும் சிக்கல், இறுகிய போல்ட்டுக்குள் கருவியின் முனை முறிந்து நிற்பது.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் முன் காலிப்பரை, அதாவது பிரேக் டிஸ்க்கைப் பேடுகளால் அழுத்தும் பாகத்தை, பிடித்திருப்பவை கைடு பின்கள் என்னும் இரண்டு மரைத் தண்டுகள். பின்னின் தலையில் 7 மி.மீ. ஆலன் பள்ளம் (அறுகோணக் குழி), அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடி விழுந்தால் பள்ளத்தில் உப்புச்சேறு அடையும். சாதாரண ஆலன் செட்டில் 6 இருக்கும், 8 இருக்கும். 7 பெரும்பாலும் இருக்காது. யாரோ பொருந்தாத 6-ஐப் போட்டுத் திருப்பிப் பள்ளத்தை மழுக்கியிருப்பார்கள். அடுத்தவர் டி45 டார்க்ஸ் பிட்டை, அதாவது நட்சத்திர வடிவத் திருப்பு முனையை, அடித்து இறக்குவார். நல்ல தந்திரம்தான், மரை இறுகாத பின்னில் பலிக்கும். இறுகிய பின்னில் நீளக் குழாய் மாட்டி இழுத்தால் பிட் முறிந்து, முனை உள்ளேயே தங்கிவிடும்.

அந்த முனையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். என் பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிட்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண டிரில் அதைக் கடிக்காது. வழுக்கிப் பக்கத்திலுள்ள மெத்தென்ற இரும்பைத் தின்னும். துளை கோணலாகப் போய்க் கடைசியில் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் மரையைக் கெடுக்கும். கைடு பின் விலை குறைந்த பொருள். காலிப்பரும் பிராக்கெட்டும் அப்படியல்ல. பின்னைப் பலி கொடுத்து மற்ற இரண்டையும் காப்பாற்றுவதே வேலை.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்க வேண்டாம். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அடுத்து, காலிப்பரைத் தனியாகப் பிரிக்கப் பார்க்காமல், பிராக்கெட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அவற்றுக்கு வெளியே அறுகோணத் தலையோ வலுவான பிடிப்போ இருப்பதால் பெரும்பாலும் வந்துவிடும். டிஸ்க்கின் ஓரத்தில் தேய்மான விளிம்பு தடுத்தால் பேடுகளை டிஸ்க்கை விட்டுச் சற்றே விலக்கித் தள்ளுங்கள். பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, காலிப்பரும் பிராக்கெட்டும் சேர்ந்த முழுத் தொகுப்பையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். சக்கர வளைவுக்குள் குனிந்து தலைகீழாகப் பார்த்துச் செய்யும் வேலைக்கும், வைஸில் இறுக்கி வெளிச்சத்தில் செய்யும் வேலைக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். முறிந்த முனைகளில் சில இந்த இடத்திலேயே விழுந்துவிடும். பள்ளம் கீழே பார்க்கும்படி பிடித்து, பின்னின் பக்கத்தில் சிறு சுத்தியலால் தட்டுங்கள். அசைகிறதென்றால் கூரிய ஊசியால் நெம்பி, காந்தத்தால் இழுத்துவிடலாம். அசையவில்லையா, அதோடு விட்டுவிடுங்கள். பஞ்ச் என்னும் குத்துளியை வைத்து அடித்து உடைக்க நினைத்தால் கண்ணாடி அணியாமல் செய்யாதீர்கள். கடினமான எஃகு நொறுங்கும்போது சில்லுகள் கண்ணைத் தேடி வரும்.

இனி அறுக்க வேண்டும். மற்றொரு பின்னைக் கழற்றினால் காலிப்பர் ஆட இடம் கிடைக்கும். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளி, பேடுகளை எடுத்துவிட்டு காலிப்பரை நகர்த்துங்கள். காலிப்பரில் பின் நுழையும் ரப்பர் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பின்னின் உடல் தெரியும். ஹாக்சா பிளேடால் அங்கே அறுங்கள், முடிந்த அளவு காலிப்பர் பக்கம் ஒட்டி. பிராக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் நீளமாக இருந்தால்தான் பிடிக்க முடியும். கிரைண்டர் வேகமாக முடிக்கும், ஆனால் ரப்பர் புஷ்ஷைச் சுட்டுவிடும். புஷ்ஷை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அறுந்ததும் காலிப்பர் கையோடு வரும். முறிந்த பிட் தலைத்துண்டுக்குள் இருக்கிறது. அதைப் புஷ்ஷோடு தள்ளி எறிந்துவிடலாம்.

மேசையில் இப்போது வெறும் பிராக்கெட்டும் துருவில் இறுகிய ஒரு தண்டும் மட்டும். ரப்பர் இல்லை, பிரேக் ஆயில் இல்லை. தைரியமாகச் சூடு காட்டலாம். காஸ் டார்ச்சால் பின்னைச் சுடாமல், மரை இருக்கும் பிராக்கெட் காதைச் சுற்றிச் சுடுங்கள். சிவக்கும் வரை போக வேண்டாம். சூட்டோடு மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால் உருகி உள்ளே இழுபடும். எண்ணெய் விடுவதென்றால் ஆறிய பிறகு. பிறகு வைஸ் கிரிப் என்னும் பூட்டுக் குறடால் தண்டை இறுகப் பிடித்து, ஒரே திசையில் இழுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சிறிதளவு கழன்றதும் மீண்டும் இறுக்கி, மீண்டும் கழற்றுங்கள். துரு பொடியாகி வெளியேற இந்த ஆட்டம் வேண்டும். பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தண்டையும் முறிக்கிறார்கள்.

தண்டு முறிந்தால், அல்லது பிடிக்க இடமில்லையென்றால், மேலே ஒரு நட்டை வைத்து அதன் துளை வழியே மிக் வெல்டிங் போடுங்கள். வெல்டிங்கின் சூடே மரையின் பிடியைத் தளர்த்தும். சிவப்பு மறைந்த சற்று நேரத்தில் ஸ்பானரை மாட்டித் திருப்புங்கள். ஓர் எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பொருளின் அருகே வெல்டிங்கோ தீயோ வேண்டவே வேண்டாம். அந்த ஆவி சூட்டில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாகும். சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தினால் போதும். இதே வெல்டிங்கை வண்டியில் வைத்தே செய்ய நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்தருகே மாட்டுங்கள். மின்சாரம் சக்கர பேரிங் வழியே போனால் பேரிங் பாழ்.

நட்டும் பலிக்காவிட்டால் நடுவில் பஞ்ச்சால் குறியிட்டு, இடக்கை டிரில்லால் துளையிடுங்கள். கழற்றும் திசையிலேயே சுழல்வதால் பாதித் துளையில் துண்டு தானாகத் திரும்பி வருவதுண்டு. அதற்குப் பதிலாக ஈஸி அவுட்டை, அதாவது முறிந்த துண்டைத் துளைக்குள் கவ்வித் திருப்பும் கருவியை, முறுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது உள்ளே முறிந்தால் டார்க்ஸ் முனையின் கதையே மறுபடி. அப்படி முறிந்து வருகிற பிராக்கெட்டுகளை, அச்சு வேலை செய்யும் ஸ்பார்க் எரோஷன் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன். தீப்பொறியால் அரிக்கும் அந்த எந்திரத்துக்கு எஃகின் கடினம் ஒரு பொருட்டல்ல; மரையைத் தொடாமல் துண்டைக் கரைத்துவிடும்.

மரையைச் சரியான டேப்பால் (மரை வெட்டும் கருவியால்) சுத்தம் செய்து, புதிய பின்னைக் கையால் முழுதும் ஏற்றிப் பாருங்கள். தடுமாறினால் பிராக்கெட்டை மாற்றுங்கள். பிரேக்கில் அரைகுறை மரைக்கு இடமில்லை. புஷ்ஷில் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். சர்வீஸ் கையேடு கேட்டால் மட்டும் ரப்பருக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ். பின்களையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். புதிய மூடியை அழுத்திப் பொருத்துங்கள்.

ஹோஸுக்குப் புதிய செம்பு வாஷர்கள் போட்டு, பிரேக் குழாயில் புகுந்த காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது. ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, சில முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஹோஸ் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.