முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலியா? அக்குபஞ்சருக்குப் போகும் முன்

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் தாண்டியும் வலி விடவில்லை என்றால், மெல்லிய ஊசிகளைக் குத்தி வலியைக் குறைக்கப் பார்க்கும் அக்குபஞ்சரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அது முதுகெலும்பில் பொருத்தித் தளர்ந்த ஸ்க்ரூவை முறுக்காது, பிதுங்கிய டிஸ்க் தட்டை உள்ளே தள்ளாது. வலி சற்று அடங்கும் நேரத்தில் நடக்கவும் பிசியோதெரபி செய்யவும் முடிகிறதே, லாபம் அவ்வளவுதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் முயலும் மருந்தில்லா வழிகளில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-ல் இதைச் சேர்த்தது. சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்போ 2016-ல் இடுப்பு வலிக்கு இது வேண்டாம் என்றது. ஆபரேஷன் ஆன முதுகுக்கு என்று பார்த்தால் ஆதாரம் இன்னும் குறைவு.

ஆகவே முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். தட்டு மறுபடி பிதுங்கியதா, உள்ளே கிருமித் தொற்றா, ஸ்க்ரூ நகர்ந்ததா என்று அவர்தான் சொல்ல முடியும். சிறுநீர் அடைபடுவது அல்லது தன்னையறியாமல் கழிவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தொங்கி நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது, காய்ச்சல், தையல் இடத்தில் கசிவு: இதில் ஒன்று இருந்தாலும் ஊசி பற்றிய பேச்சே வேண்டாம். அன்றைக்கே, நம் குமரி மாவட்டத்தில் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மத்திய அரசு 2019-ல் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதற்காகப் பலகை மாட்டிய எல்லோருக்கும் ஆபரேஷன் ஆன முதுகு தெரியும் என்று அர்த்தமில்லை. பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவர்களுக்கு இது பாடத்திலேயே உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியையும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் காட்டி, “எங்கே குத்த மாட்டீங்க?” என்று கேளுங்கள். தழும்பின் மேலும், எலும்பு எடுத்த இடத்தில் நடுக்கோட்டிலும் ஆழமாகக் குத்த மாட்டேன் என்று பதில் வர வேண்டும். லேமினெக்டமியில் தண்டுவடத்தை மூடியிருந்த எலும்புக்கூரையை எடுத்துவிடுகிறார்கள்; அங்கே ஊசியைத் தடுக்க எதுவும் இல்லை. நாடி பிடித்துவிட்டு “இங்கிலீஷ் மருந்தையெல்லாம் நிறுத்துங்க” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிரகாபாலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் திடீரென நிறுத்தக் கூடாது.

நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்களுக்குப் பஞ்சமில்லை. பிளேட் வைத்த முதுகை மிதிக்கவும் திருகவும் யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பேஸ்மேக்கரோ வலிக்காக உடலுக்குள் வைக்கும் தண்டுவட ஸ்டிமுலேட்டர் கருவியோ இருந்தால் ஊசியில் கரண்ட் கொடுக்கும் எலக்ட்ரோ அக்குபஞ்சர் ஆகாது. கால் மரத்திருப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் மூலிகை புகைத்துச் சூடு வைக்கும் மாக்சாவைத் தவிர்ப்பது நல்லது. தோல் வெந்தாலும் தெரியாது.

போகும் நாளில் குளித்துவிட்டு, முதுகில் தைலம் தேய்க்காமல் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஸ்பிரிட் சரியாக வேலை செய்யாது. உள்ளே உலோகம் இருப்பவருக்குச் சின்னத் தோல் தொற்றும் பெரிய தலைவலி. வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரலாம், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். குப்புறப் படுக்க முடியாவிட்டால், ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம்.

ஊசி சீல் பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறையில் இருக்க வேண்டும். உங்கள் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பொதுவாக 0.25 மி.மீ. கனம், 40 மி.மீ. நீளம். தழும்பை விட்டு விலகி இடுப்பின் இரு பக்கத் தசையிலும், முழங்கால் மடிப்பிலும், கணுக்காலுக்குப் பின்னாலும் போடுவார்கள். 20 முதல் 30 நிமிடம் இருக்கும். மந்தமான கனமோ இழுப்போ தெரிவது சகஜம். மின்னல் போலக் காலுக்கு இறங்கினால் நரம்பைத் தொட்டுவிட்டது, உடனே சொல்லுங்கள். குத்திய ஊசியையும் எடுத்த ஊசியையும் எண்ணிக் கணக்குப் பார்க்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் திரும்புகிறவர்கள் பஸ்ஸின் பின்சீட்டைத் தவிர்க்கவும். அந்தத் தூக்கிப்போடலில் கிடைத்த சுகம் போய்விடும். வலி குறைந்ததே என்று மறுநாள் விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குக் குனிந்து இறங்குவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. முதல் வாரம் சமதரையில் பத்துப் பத்து நிமிட நடை போதும்.

ஒரு நோட்டில் தினமும் மூன்று எழுதுங்கள்: பத்துக்கு எத்தனை வலி, எவ்வளவு தூரம் நடை, எத்தனை மாத்திரை. வாரம் ஒன்றிரண்டு என்று ஆறு முறை போன பிறகு பாருங்கள். வலி இரண்டு எண்ணாவது இறங்கவில்லை, நடையும் கூடவில்லை என்றால் நிறுத்திவிடலாம். “இன்னும் பத்து சிட்டிங் போட்டால் சரியாகும்” என்று முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.