பழைய செஸ்னா 150இல் காற்றின் இழுவையைக் குறைப்பது: முதலில் நூல், பிறகு ஃபேரிங்

ரத்மலானையில் ஒரு ஹங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கும் பழைய செஸ்னா 150 என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தில் இந்த வேலையைச் செய்தோம். இன்ஜின் 100 குதிரைவலு. அதைக் கூட்ட எங்களுக்கு வழியில்லை, இழுவையைத்தான் (விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசையை) குறைக்கலாம்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். பயண வேகத்தில், இழுவையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் பறக்கும் விமானத்துக்குக் கூடுவது மூன்றரை நாட் அளவுதான். வேகம் கூடக்கூடத் தேவையான வலு அதன் முப்படியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதே காரணம். அந்த மூன்றரையைச் சரியாக அளக்காமல் எதையும் பூட்டாதீர்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். ஃபேரிங் (காற்று வழுக்கிப் போகப் பூட்டும் வளைவான மூடி) இல்லாமல் ஒரு நாள் காலையிலும், போட்டபின் இன்னொரு நாள் மத்தியானத்திலும், ஒரே திசையில் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்தேன். தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியதை ஃபேரிங்கின் கணக்கில் எழுதிவிட்டேன்.

சரியான வழி இது: கடற்காற்று எழும் முன், விடிகாலையில் பறக்க வேண்டும். ஒரே உயரம், ஒரே ஆர்.பி.எம். (இன்ஜின் சுழற்சி வேகம்), ஏறக்குறைய ஒரே எரிபொருள் எடை. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு திசையிலும் இரண்டு இரண்டு நிமிடம். மூக்கு திசையிலேயே இருக்கட்டும், காற்று ஒதுக்கினால் ஒதுக்கட்டும். நான்கு தரை வேகங்களின் சராசரிதான் உங்கள் எண். வெளி வெப்பநிலையையும் குறியுங்கள். மேற்குப் பறப்பை உள்நாட்டுப் பக்கமிருந்து தொடங்குங்கள். ஒற்றை இன்ஜினோடு கடலுக்கு மேல் போக வேண்டியதில்லை.

அடுத்தது நூல். காற்று எங்கே மேற்பரப்பை விட்டுப் பிரிந்து சுழல்கிறது என்பதை அது காட்டும். புறக்கோட்டையில் வாங்கிய கருஞ்சிவப்புக் கம்பளி நூலை மூன்று அங்குலமாக வெட்டி, ஒரு முனையில் முடிச்சிட்டு, மறு முனையை மாஸ்கிங் டேப்பால் ஒட்டினோம். நைலான் நூல் எனக்குப் பிடிக்காது, விறைப்பாக நிற்கும். வேகமானிக்குக் காற்றழுத்தம் எடுக்கும் பிட்டோ குழாய், ஸ்டாட்டிக் துளை, இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதைச் சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை, கீல்கள் பக்கம் போகவே வேண்டாம். ஒட்டியதை இன்ஜினியரிடம் காட்டிவிட்டுப் பறங்கள்.

பறக்கும்போது பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் வழியே படம் பிடித்தார். இறக்கையின் நடுவில் நூல்கள் வாரிவிட்ட தலைமயிர்போலப் பின்னால் படிந்து கிடந்தன. ஸ்ட்ரட் (இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பம்) இறக்கையைத் தொடும் மூலையில் மட்டும் மூன்று நூல்கள் சுழன்று முன்னால் திரும்பின. காற்று அங்கேதான் பிரிகிறது. அந்த மூலைக்கு வளைவான ஃபேரிங் தேவை. இறக்கை முழுவதையும் மெருகேற்றுவது அதற்குப் பிறகுதான்.

என் வரிசை: முதலில் கிழிந்த கதவு ரப்பர், அப்புறம் இன்ஜின் பாஃபிள் (குளிர்காற்றை இன்ஜின் வழியே திருப்பும் தகடு) ரப்பர், பிறகு ஸ்ட்ரட் மூலைகள், கடைசியில் வீல் ஃபேரிங். கௌலிங்கின் (இன்ஜின் மூடியின்) காற்று வாயைச் சுருக்காதீர்கள். கொழும்பு வெயிலில் எண்ணெய் வெப்பம் ஏறிவிடும். உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற பாகங்களை மட்டும், உரிமம் பெற்ற இன்ஜினியரின் கையொப்பத்தோடு பூட்டுங்கள். எய்லரானிலோ (இறக்கை ஓரத்து அசையும் மடல்) எலிவேட்டரிலோ (வால் பக்கத்து அசையும் மடல்) பூச்சு, புட்டி ஏற்றினால் சமநிலையை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அதிர்ந்து பிய்ந்துகொண்டு போகும்.

பின்சேர்க்கை: டேப்பை இரண்டு நாள் விட்டுவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். பறந்த அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் பசை வண்ணத்தோடு இறுகிவிடும். புல் ஓடுபாதையில் மழைக்குப் பிறகு இறங்கினால் வீல் ஃபேரிங்குக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சேறு காய்ந்து இறுகினால் அடுத்த தடவை சக்கரம் சுழலாது.